உப்புத் திடலில் கடைசி ஆட்டம்

எங்கள் வயல் செத்த பிறகுதான் எங்கள் ஊரில் பேஸ்பால் பிழைத்தது. இதைச் சொன்னால் என் கணவர் எலாடியோவுக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆனால் நடந்தது அதுதான்.

கொலராடோ ஆறு வடக்கு நாட்டிலிருந்து எல்லையைத் தாண்டி எங்கள் நாட்டுக்கு வருகிறது. மெஹிகாலி சமவெளியில் எங்களுக்கு மழை என்று ஒன்று கிடையாது. ஆற்று வாய்க்கால்தான் எல்லாமே. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மண்ணுக்கடியில் தேங்கிய உப்புநீரைக் குழாய் பதித்து வடித்து, அதை ஆற்றிலேயே விட ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் எங்கள் பருத்தி முளையிலேயே கருகியது. அடுப்பில் நாளெல்லாம் கொதித்தாலும் பயறு வேகவில்லை. காப்பி கரித்தது. இரண்டு மூன்று பட்டத்துக்குள் வயல் முழுக்க வெள்ளைப் பொருக்கு படர்ந்து, வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் தரையாக இறுகிவிட்டது.

அந்தக் குழாய்களைப் பதித்தவர்களில் ஒருவர் கசிமிரோ. எலாடியோவின் தங்கை ஒஃபேலியாவைக் கட்டியவர். அந்தப் பக்கத்தில் பள்ளம் தோண்டும் இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் முதலாளி சொன்ன இடத்தில் தோண்டினார், சொன்ன ஆழத்தில் குழாய் வைத்தார். அது எங்கே போய் முடியும் என்று அவர் யோசித்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எலாடியோ அதை ஏற்றுக்கொள்ளவில்லை என்பதுதான் பிரச்சினை.

ஒஃபேலியாவின் மூத்த குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. எல்லைக்கு அந்தப் பக்கம், அவர்கள் வீட்டில். எல்லோரும் தட்டைக் கையில் எடுத்த நேரத்தில் எலாடியோ எழுந்து நின்றார். "என் தண்ணியில இருந்து உப்பு போற வரைக்கும் இந்த வீட்டு உப்பு என் நாக்குல படாது" என்றார்.

கசிமிரோவுக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது. "பரவால்ல மச்சான், உங்களுக்கு மட்டும் சர்க்கரை போட்டு வைக்கச் சொல்றேன்" என்றார்.

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. எலாடியோ தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நானும் தட்டை வைத்துவிட்டுப் பின்னால் போனேன். அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் அவர் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஒஃபேலியா மட்டும் குழந்தைகளோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், கசிமிரோ அவர்களை எல்லையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் போவார்.

இதற்கிடையில் ஊர் ஆண்கள் வேலையில்லாமல் கிடந்தார்கள். எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் ஹசிந்தோ ஒருநாள் எங்கள் செத்த வயலில் நின்று பூட்ஸ் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பந்தை எறிந்து பார்த்தார். பந்து கல்லில் பட்டதுபோல் துள்ளியது. சமவெளியிலேயே இதைவிடச் சமமான, இதைவிட இறுகிய திடல் இல்லை என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிறு எங்கள் வயலில் அணி இறங்கியது. தங்களுக்குத் தாங்களே 'சலாதோஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். உப்புப் பிடித்தவர்கள் என்று பொருள். அதிர்ஷ்டம் கெட்டவர்கள் என்றும் பொருள்.

அதிர்ஷ்டம் கெட்டவர்கள் அந்தத் திடலில் தோற்றதே இல்லை. வெள்ளைத் தரையிலிருந்து எழும் வெளிச்சத்தில் வெளியூர்க்காரர்களுக்குப் பந்தே தெரியாது. எங்கள் ஆட்கள் கண்ணுக்குக் கீழே அடுப்புக்கரி பூசிக்கொண்டு நிற்பார்கள். பந்துக்கு முன்னால் முனையைத் தொடச் சறுக்கி விழுந்து முழங்கை உரிந்தவனுக்கு உப்பு ஏறி உயிர் போகும். ஆகையால் வந்தவர்கள் யாரும் சறுக்குவதில்லை, சறுக்காதவர்கள் அவுட்டானார்கள். எலாடியோ நிலத்துக்குச் சொந்தக்காரர் என்ற முறையில் இடது கோடியில் நின்று பந்து பிடித்தார். பிடிக்கத் தவறினால் நிலத்தைத் திட்டுவார்.

வேலை தேடி வடக்கே போய்விடலாம் என்று மூட்டை கட்டிய ஆண்கள், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறதே என்று மூட்டையை அவிழ்த்ததை நான் பார்த்திருக்கிறேன். ஹசிந்தோவுக்கு அது தெரியும். அதனால்தான் பிறகு அவ்வளவு பிடிவாதம் பிடித்தார்.

விருந்து நடந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, கோடை முடியும்போது இரண்டு அரசாங்கங்களும் கையெழுத்துப் போட்டன. வடக்கத்திப் பண்ணைகளின் உப்புநீர் இனிமேல் ஆற்றில் கலக்காது. எங்கள் அணைக்கு அப்பால் தனி வாய்க்காலில் ஒதுக்கிவிடப்படும். ரேடியோவில் கேட்டபோது யாரும் நம்பவில்லை. மெஹிகாலித் தெருக்களில் எத்தனை ஊர்வலம் போயிருப்போம், எத்தனை அதிகாரிகள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். சில வாரம் கழித்து மடைக்காரர் வென்செஸ்லாவ் எங்கள் மதகைத் திறந்துவிட்டு, குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தார். இன்னொரு கை அள்ளினார். நான் வீட்டிலிருந்து பானையோடு ஓடினேன். அன்றைக்குப் பயறு மதியத்துக்குள் வெந்து குழைந்துவிட்டது. எலாடியோ சட்டியைத் திறந்து பார்த்து, கரண்டியால் ஒரு பயறை நசுக்கி, மறுபடியும் இன்னொன்றை நசுக்கிப் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல தண்ணீர் வந்துவிட்டது, ஆனால் மண்ணில் உப்பு அப்படியே இருந்தது. வயலுக்கு வரப்புக் கட்டி, தண்ணீரை நிறுத்தி, உப்பைக் கரைத்துக் கீழே இறக்கினால்தான் விதை முளைக்கும். எலாடியோ ஊர்க்கூட்டத்தில் எழுந்து, குளிர்காலத் தண்ணீர் முறையில் தன் வயலை மூழ்கடிக்கப்போவதாகச் சொன்னார்.

ஹசிந்தோ உடனே எழுந்தார். "திடலையா?" என்றார்.

"வயலை" என்றார் எலாடியோ.

ஒரு மணி நேரம் சண்டை. இன்னும் ஒரு வருஷம் பொறுக்கக் கூடாதா, சமவெளிப் போட்டியின் கோப்பை நம் கைக்கு வரும் நேரத்தில் திடலில் மீன் வளர்ப்பதா என்று ஹசிந்தோ கேட்டார். ஆடுகிறவர்களில் பாதிப்பேர் அவர் பக்கம். எலாடியோ தன் பங்குக்கு, வீட்டில் சோற்றுக்குப் பதிலாகக் கோப்பையை வேகவைக்க முடியுமா என்று கேட்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். வடக்கத்தி ஆட்களோடு ஒரே ஒரு ஆட்டம். அதன் பிறகு மதகைத் திறக்கலாம்.

வடக்கத்தி ஆட்கள் என்றால் கசிமிரோவின் அணி. எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்கிற நம் ஆட்கள்தான் எல்லோரும்.

இங்கேதான் நானும் ஒஃபேலியாவும் நுழைந்தோம். அடுத்த ஞாயிறு அவள் வந்தபோது, மாவு பிசைந்துகொண்டே பேசி முடித்தோம். பந்தயம் வைக்க வேண்டும். நாங்கள் ஜெயித்தால் கசிமிரோ தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் வயலில் வடிகால் தோண்ட வேண்டும். அவர்கள் ஜெயித்தால் எலாடியோ எல்லை தாண்டிப் போய் ஒஃபேலியாவின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

"எப்படிப் பார்த்தாலும் ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருந்தாகணும் அண்ணி" என்றாள் ஒஃபேலியா. மாவுக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் எலாடியோவிடம் சொன்னபோது, வயலில் தண்ணீர் நிறுத்தினால் போதும், வடிகால் எதற்கு என்று முறைத்தார். தோற்றுவிடுவோம் என்று பயமா என்று கேட்டேன். பந்து பிடிக்கும் கையுறையைத் தேடப் போனார்.

ஆட்டத்தன்று சமவெளியே எங்கள் வயலில் கூடியிருந்தது. எல்லைச் சாவடிக் காவலர்கள்கூட முறை மாற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். வறுத்த இறைச்சிப் புகை, சோளக்கதிர், ஐஸ் வண்டி, யாரோ ஒருவருடைய அக்கார்டியன். வென்செஸ்லாவ்தான் நடுவர், மடையில் யாருக்கும் ஒரு சொட்டுகூட அதிகமாகவோ குறைவாகவோ கொடுக்காதவர் என்று இரண்டு பக்கமும் அவரை ஏற்றுக்கொண்டது. வந்தவர்கள் விருந்தினர் என்பதால் கடைசியாக மட்டை பிடிக்கும் உரிமையை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தோம். அந்த மரியாதை வேண்டாம் என்று ஹசிந்தோ எவ்வளவோ சொன்னார்.

கசிமிரோவை நான் அத்தனை வருஷத்துக்குப் பிறகு பக்கத்தில் பார்த்தேன். தொப்பை போட்டிருந்தது, தலைமுடி போயிருந்தது, வாய் மட்டும் அப்படியே இருந்தது. மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, "அக்கா, மச்சான் பந்து பிடிக்கிறதப் பார்த்தா தப்பிச்ச கோழியப் பிடிக்கிற மாதிரியே இருக்கு" என்றார்.

"அவரு காதுல விழப்போகுது" என்றேன்.

"விழட்டும்னுதானே சொல்றேன்."

எலாடியோ இடது கோடியிலிருந்து கத்தினார்: "மாப்பிள்ள, தொப்பைக்குப் பின்னால மட்டை இருக்கா பாரு. கண்ணுக்குத் தெரியல."

பன்னிரண்டு வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்ட முதல் வார்த்தை அதுதான். ஒஃபேலியா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

ஆட்டம் இழுபறி. கடைசிச் சுற்றில் எங்களுக்கு ஒரு ஓட்டம் கூடுதல். அவர்களில் இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆள் அவுட்டானால் ஆட்டம் முடியும். ஹசிந்தோவின் கை ஓய்ந்துபோயிருந்தது. பந்து வீசும் ஒவ்வொரு முறையும் தோளைப் பிடித்துக்கொண்டார். மட்டை பிடிக்க வந்தவர் கசிமிரோ.

இரண்டாவது பந்தை அடித்தார். அடித்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பந்து உயர்ந்து, இடது கோடிக்கு, எலாடியோவின் தலைக்கு மேலே போனது. எலாடியோ திரும்பி ஓடினார். பந்து வாய்க்கால் ஓரத்து மூலையில் விழுந்து நின்றது. அவர் அதை எடுக்க ஓடிய ஓட்டத்தில், அடியில் ஊறிப்போயிருந்த உப்புப் பொருக்கு உடைந்து வலது கால் முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. இழுக்கப் போனவர் இடது காலையும் கொடுத்தார். இடுப்பளவு மாட்டிக்கொண்டு, பந்துக்கு ஒரு கை தூரத்தில், வெள்ளைத் திடலில் பாதி மனிதராக நின்றார்.

ஊரே கத்தியது. அந்தப் பக்கத்துக்காரர்கள் கசிமிரோவை ஓடு, ஓடு என்று கத்தினார்கள். அவர் முதல் முனையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். மூன்றாவது முனைக்கு வரும்போது மூச்சு வாங்கிக்கொண்டு இடது கோடியைத் திரும்பிப் பார்த்தார். எலாடியோ கைகளைத் தரையில் ஊன்றி எழப் பார்த்தார். ஊன்றிய இடமும் உடைந்தது.

கசிமிரோ நின்றுவிட்டார். அங்கிருந்து நடந்தே போயிருந்தாலும் கடைசியான வீட்டு முனையைத் தொட்டு ஓட்டத்தை முடித்திருப்பார்; அவ்வளவு நேரம் இருந்தது. அவர் ஓடும் கோட்டிலிருந்து இறங்கி, திடலுக்குக் குறுக்கே, எலாடியோவை நோக்கி ஓடினார்.

வென்செஸ்லாவ் கையை உயர்த்தினார். ஓடும் கோட்டிலிருந்து விலகியவர் அவுட். ஆட்டம் முடிந்தது, நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஆனால் யாருக்கும் ஆரவாரம் செய்யத் தோன்றவில்லை. ஹசிந்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நானும் ஒஃபேலியாவும் ஓடிப்போனபோது கசிமிரோ வயிற்றைத் தரையில் பரப்பிப் படுத்து எலாடியோவின் அக்குளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நாலு பேர் கசிமிரோவின் காலைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு வழியாக இரண்டு பேரும் சேற்றில் உருண்டு வெளியே வந்தார்கள். இரண்டு பேருக்கும் கண்ணும் பல்லும்தான் தெரிந்தது.

எலாடியோ மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்: "ஓடியிருந்தா ஆட்டம் சமன் ஆயிருக்கும். ஹசிந்தோவோட அந்தக் கிழட்டுத் தோளுக்கு நீங்க அப்புறம் ஜெயிச்சிருப்பீங்க. எதுக்குய்யா வந்தே?"

கசிமிரோ சட்டைக் கையால் வாயைத் துடைத்தார். "ஜெயிச்சா நீங்க பந்தயத்துக்காக என் வீட்டுக்கு வந்து சாப்பிடுவீங்க. அப்படி வர்ற மச்சான் எனக்கு வேண்டாம்" என்றார்.

எலாடியோ தரையில் உட்கார்ந்தபடியே கசிமிரோவின் பூட்ஸை இழுத்துக் கழற்றி, உள்ளே இருந்த சேற்றைக் கவிழ்த்து, மறுபடியும் அவர் கையில் கொடுத்தார்.

கசிமிரோ அதற்குள் எலாடியோ விழுந்த குழியை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தண்ணீர் ஊறித் தரைக்கு ஒரு முழம் கீழே நின்றது. விரலை விட்டு நக்கிப் பார்த்துத் துப்பினார். பிறகு அவர் பேசிய பேச்சில் கேலி இல்லை. உப்புநீர் இவ்வளவு மேலே நிற்கிறது. மேலே எவ்வளவு நல்ல தண்ணீர் நிறுத்தினாலும் அது கீழே இறங்க இடம் இல்லை. முதலில் இதை வடிக்க வேண்டும் என்றார். அந்தப் பக்கத்தில் தான் பதித்த அதே குழாய்தான் இதற்கும் மருந்து என்று சொல்லிவிட்டு எலாடியோவின் முகத்தைப் பார்த்தார்.

"எப்போ மெஷினக் கொண்டு வர்றே?" என்றார் எலாடியோ.

கசிமிரோவின் முதலாளி நல்ல மனிதர். அறுவடை ஓய்ந்த மாதத்தில் இயந்திரத்தைக் கொடுத்தார். எல்லைச் சாவடியில் அதை எப்படி உள்ளே விடுவது என்று காவலர்கள் தலையைச் சொறிந்தார்களாம். அவர்களில் ஆட்டம் பார்க்க வந்திருந்த ஒருவர், ஓட்டுபவரை அடையாளம் கண்டு, ஓடாமல் நின்றவர் இவர்தான் என்று மற்றவர்களிடம் சொன்னாராம். எல்லோரும் இறங்கி வந்து கைகுலுக்கி அனுப்பினார்களாம். கசிமிரோ சொன்னது இது. பாதியாவது உண்மையாக இருக்கும்.

அவர் எங்கள் வீட்டிலேயே தங்கினார். பகலெல்லாம் வயலில் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்துச் சரளைக்கல் போட்டார்கள். எலாடியோ சொன்ன சாய்மானம் தப்பு என்பார் கசிமிரோ. மண்ணைப் பற்றி மெஷின்காரனுக்கு என்ன தெரியும் என்பார் எலாடியோ. சாப்பிட உட்கார்ந்தால் அதே சண்டை தொடரும். கசிமிரோ என் பயறை மூன்றாம் முறை வாங்கும்போது, இத்தனை வருஷம் இந்தப் பயறு வேகாததற்குத் தண்ணீரைக் குறை சொல்லி நான் தப்பித்துவிட்டதாகச் சொல்வார். நான் கரண்டியை ஓங்குவேன். ஹசிந்தோவும் வந்தார். முதல் இரண்டு நாள் வரப்பில் நின்று முறைத்தார். மூன்றாம் நாள் மண்வெட்டி எடுத்தார்.

குளிர்காலத்தில் மதகைத் திறந்தோம். எங்கள் வயல் ஏரியானது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பாலைவனத்து ஊரில் பிறந்த குழந்தைகள், கரை தெரியாத அளவுக்குப் பரந்து கிடக்கும் தண்ணீரை அன்றைக்குத்தான் பார்த்தார்கள். எங்கிருந்தோ வாத்துகள் வந்து இறங்கின. ஹசிந்தோ யாரிடமோ ஒரு தட்டைப் படகை இரவல் வாங்கிவந்து, தான் பந்து வீசிய இடம் எது என்று தேடித் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் பாதிரியார் ஆசீர்வதிக்க வந்தார். படகில் ஏறினார். இறங்கும்போது நனைந்திருந்தார், சிரித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் காத்திருந்தது அதற்கல்ல. வயலின் தெற்கு ஓரத்தில் குழாயின் வாய் வடிகாலில் திறக்கும் இடம் ஒன்று இருந்தது. தினமும் காலையில் எலாடியோ அங்கே போய் உட்காருவார். வெறும் ஈரம்தான் இருக்கும். ஒருநாள் அவர் கூப்பிடும் குரல் கேட்டது. குழாய் வாயிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கசிமிரோ கையை நீட்டி ஏந்திக் குடித்து, முகத்தைச் சுளித்துத் துப்பினார்.

"உப்பு" என்றார். "கடல் மாதிரி."

எலாடியோவும் குடித்துத் துப்பினார். ஹசிந்தோ குடித்துத் துப்பினார். நானும்தான். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். என்ன செய்வது என்று தெரியாமல் சிரிக்க ஆரம்பித்தோம். அத்தனை வருஷமாக எங்கள் மண்ணுக்குள் உட்கார்ந்திருந்தது கண்ணுக்கு முன்னால் வெளியே போய்க்கொண்டிருந்தது. எலாடியோ மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, கசிமிரோவிடம், "வண்டிய எடு" என்றார்.

"எங்க மச்சான்?"

"உன் வீட்டுக்கு. பசிக்குது."

குளிக்கக்கூட விடவில்லை. சேற்று பூட்ஸோடு எல்லை தாண்டினோம். ஒஃபேலியா கதவைத் திறந்து அண்ணனைப் பார்த்ததும் உள்ளே ஓடிவிட்டாள். வீட்டில் முட்டையும் ரொட்டியும் தவிர ஒன்றும் இல்லை. முட்டை பொரித்து வைத்தாள். எலாடியோ ஒரு வாய் எடுத்து மென்று, நிறுத்தினார். நாங்கள் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பே போடலயேம்மா நீ" என்றார்.

ஒஃபேலியா உப்புச் சாடியை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்துவிட்டு, அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர் இடது கையால் அவள் தலையைத் தடவிக்கொண்டே, வலது கையால் மூன்று முட்டை சாப்பிட்டார். கசிமிரோ அந்த ஒருநாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எழுந்து போய் இன்னும் இரண்டு முட்டை உடைத்து ஊற்றினார்.

வசந்தத்தில் பருத்தி போட்டோம். எல்லா இடத்திலும் முளைத்தது என்று சொன்னால் பொய். கிழக்கு ஓரத்தில் திட்டுத் திட்டாக மொட்டையாகவே கிடந்தது. அங்கே பார்லி போட்டு இன்னொரு குளிர்காலம் தண்ணீர் நிறுத்தினோம். ஆனால் நடுவயலில் செடி இடுப்பளவு வந்தது. பூத்த காலையில் எலாடியோ சால் வழியே நடந்துகொண்டே இருந்தார், ஒன்றையும் தொடவில்லை. காய் வெடித்ததும் ஊரே எடுக்க வந்தது. வடக்கத்தி அணியில் பாதிப்பேரும் பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தார்கள். பகலெல்லாம் பஞ்சு எடுத்தோம், சாயங்காலம் அக்கார்டியன் வந்தது. நான் கசிமிரோவோடு ஒரு ஆட்டம் ஆடினேன். என் காலை மிதித்துவிட்டு, சால் நேராக இல்லாததால் வந்த வினை என்றார்.

இயந்திரம் அதற்கு முன்பே அடுத்த நிலத்துக்கு நகர்ந்திருந்தது. ஹசிந்தோவின் நிலம். குழாய் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று ஹசிந்தோவும் எலாடியோவும் கசிமிரோவும் மூன்று திசையைக் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒஃபேலியாவும் அவர்களுக்குச் சோறு கொண்டுபோனபோது, மூன்று பேரும் ஒரே குரலில் எங்களைத் தீர்ப்புச் சொல்லக் கேட்டார்கள். முதலில் சாப்பிடுங்கள் என்றோம். பள்ளத்தின் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள்.